கனத்துப்போன ஹேண்டில்பாரும் இரண்டு நோய்களும்

சென்ற ஜனவரியில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் என் முதல் நீண்ட பயணம் முடிந்து வீடு திரும்பிய இரவு, தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது வலக்கை நடுங்கியது. கனடாவில், ஒன்டாரியோவின் சட்பரிக்கு வடக்கே, ஊசியிலை மரங்களுக்கு நடுவே சமன்செய்து வைத்திருக்கும் பாதையில் நான் ஓட்டிய தூரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். உடன் வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதைக் கடந்தவர். அவர் வண்டியிலிருந்து இறங்கியதும் வாசலில் குவிந்திருந்த பனியை அள்ளத் தொடங்கிவிட்டார். அவரைவிட இருபத்தைந்து வயது இளையவனான எனக்கோ தோள்பட்டையிலிருந்து மணிக்கட்டு வரை கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. இந்த விளையாட்டுக்கு என் உடம்பு பழகவில்லை என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். பழுது வண்டியில் இருக்கிறது என்று புரிய இரண்டு வாரமும், அது ஒரு பழுதல்ல, ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு பழுதுகள் என்று புரிய மேலும் ஒரு மாதமும் ஆயின. அந்த ஆறு வாரங்களில் நான் செய்த தவறுகளையும் கற்றுக்கொண்டதையும் பற்றியதே இந்தப் பதிவு.

வண்டியை நவம்பரில் வாங்கினேன். பதினைந்து ஆண்டு பழையது. 600 சிசி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், பின்னால் 121 அங்குல டிராக், அதாவது சுழன்று வண்டியைத் தள்ளும் ரப்பர்ப் பட்டை; முன்னால் A வடிவக் கைகள் கொண்ட இரட்டை ஏ-ஆர்ம் சஸ்பென்ஷன். பனி விழாத நாளில் விற்பவரின் கராஜில், சிமென்ட் தரைமேல் நின்றிருந்த வண்டியின் ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்தேன், அசைக்கவே முடியவில்லை. சிமென்ட் தரையில் எல்லா ஸ்னோமொபைலும் அப்படித்தான் இருக்கும் என்றார் அவர். அது முழு உண்மை. வண்டியின் முன்னால் சக்கரங்களுக்குப் பதிலாக இருக்கும் சறுக்குப் பலகைதான் ஸ்கீ. அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் எஃகுக் கம்பியில், எஃகைவிடக் கடினமான கார்பைடு துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். பனியிலும் பனிக்கட்டியிலும் கடித்துப் பிடிக்க வேண்டிய அந்த முனைகள் சிமென்ட்டையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் வேறு எத்தனை கோளாறு வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. அவர் என்னை ஏமாற்றினார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. வண்டியின் கனம் அவருக்குப் பழகிப்போயிருந்தது, அவ்வளவே.

இந்த இடத்தில் ஸ்னோமொபைல் எப்படித் திரும்புகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது தெரியாமல் கோளாறைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவதாகிவிடும். காரில் ஸ்டியரிங் சக்கரத்தைப் பல சுற்றுகள் சுற்றினால்தான் முன்சக்கரங்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரும்பும். அந்தப் பல்சக்கர விகிதம் நம் கையின் சுமையைப் பங்கிட்டுக்கொள்கிறது. ஸ்னோமொபைலில் அப்படி எதுவும் இல்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு நீண்ட தண்டு இறங்குகிறது. அதன் அடியில் உள்ள சிறிய கை, இணைப்புக் கம்பிகள் வழியாக இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக இருக்கும் இரண்டு டை ராடுகளைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. டை ராடின் வெளிமுனையில் உள்ள பால் ஜாயின்ட் என்ற பந்து மூட்டு, ஸ்பிண்டில் எனப்படும் ஸ்கீயின் காலைத் திருப்புகிறது. நாம் திருப்பும் கோணமும் ஸ்கீ திரும்பும் கோணமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இந்த வழியில் எங்கே ஓர் இறுக்கம் இருந்தாலும், ஸ்கீயின் அடியில் எவ்வளவு எதிர்ப்பு இருந்தாலும், அது குறையாமல் நம் தோளுக்கு வந்து சேரும்.

முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் டிராக் என்ற இந்த அமைப்பு கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே 1937இல் விற்கத் தொடங்கிய, ஏழு பேர் அமரும் பி7 வண்டியிலேயே இருந்தது. 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பனி வழியை அடைத்திருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் தம் இரண்டு வயது மகனை இழந்த தந்தை அவர். ஒருவரோ இருவரோ ஓட்டிச் செல்லும் சிறிய ஸ்கீ-டூ 1959இல் வந்தது. அக்காலத்து ஸ்கீகளுக்கு லாரிப் பட்டை போன்ற லீஃப் ஸ்பிரிங்குகளே இருந்தன. பிறகு வந்த, அதிக தூரம் அமுங்கி மீளும் ஷாக்குகளும் (அதிர்வுதாங்கிகளும்) ஏ-ஆர்ம்களும் சவாரியைச் சொகுசாக்கின என்பதில் ஐயமில்லை. ஆனால் சரிசெய்யக்கூடிய இடங்கள் கூடக்கூட, தவறாகச் சரிசெய்யக்கூடிய இடங்களும் கூடின. என் வண்டி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

முதல் தவறை நானே செய்தேன். வண்டியைக் கவிழ்க்காமல் கையால் ஸ்கீயின் அடியைத் தடவிப் பார்த்தபோது கார்பைடு முனைகள் மழுங்கி, சில இடங்களில் எஃகுக் கம்பியே தேய்ந்து தட்டையாகியிருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் புதிய கார்பைடு கம்பிகளை, அதுவும் நீளமான கார்பைடு பதித்தவையாகப் பார்த்து வாங்கிப் பொருத்தினேன். மறுநாள் ஓட்டியபோது ஹேண்டில்பார் முன்னைவிடக் கனத்தது. யோசித்தால் இதில் வியப்பில்லை: கூர்மையான முனை பனியை ஆழமாகக் கிழிக்கும், ஆழமாகக் கிழிப்பதைத் திருப்ப அதிக வலு வேண்டும். 60 டிகிரிக் கோணத்தில் கூர்தீட்டியவை 90 டிகிரிக் கோணத்தவற்றைவிட இன்னும் ஆழமாகக் கடிக்கும் என்பதும், கார்பைடின் நீளம் கூடக் கூடத் திருப்பும் சுமையும் கூடும் என்பதும் பணத்தைக் கொடுத்த பிறகே எனக்குத் தெரிந்தன.

அந்தச் செலவு வீண்போகவில்லை என்றே சொல்வேன், ஏனெனில் அதன் மூலம்தான் மூன்று வெவ்வேறு புகார்களை நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன் என்று உணர்ந்தேன். ஹேண்டில்பார் திரும்பவே மறுப்பது ஒன்று. ஹேண்டில்பார் எளிதாகத் திரும்பியும் வண்டி திரும்பாமல் நேராகவே வழுக்கிச் செல்வது இன்னொன்று. தேய்ந்த கார்பைடு உண்டாக்குவது இதைத்தான். முன்னே சென்ற வண்டிகள் போட்ட தடங்களில் ஸ்கீ சிக்கி, நாம் கேட்காமலே இடமும் வலமும் இழுத்துக்கொண்டு ஓடுவது மூன்றாவது. மூன்றிலும் மாலையில் தோள் வலிக்கும். மூன்றையும் ‘ஸ்டியரிங் சரியில்லை’ என்றே சொல்லுவோம். ஆனால் ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு நஞ்சாகும். வழுக்கிச் செல்லும் வண்டிக்குப் புதிய கார்பைடு மருந்து. கனத்த வண்டிக்கு அதே கார்பைடு கூடுதல் பாரம்.

நான் கம்பிகளைக் கழற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் கராஜுக்குள் எட்டிப்பார்த்தார். பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி: ஸ்கீகள் தரையில் படாதபோது ஹேண்டில்பார் எப்படி இருக்கிறது? எனக்குப் பதில் தெரியவில்லை. இருவருமாக முன்பம்பரைத் தூக்கி, அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கி, வண்டியின் எடை கட்டைமேல் உறுதியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டக் கூடாது என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர். ஸ்கீகள் இரண்டும் காற்றில் தொங்கின. இரண்டு விரலால் திருப்பிப் பார் என்றார்.

இந்தச் சோதனையைப் போல மலிவானதும் தெளிவானதும் வேறில்லை. காற்றில் தொங்கும்போது ஹேண்டில்பார் இரண்டு விரலுக்கு வழிவிட்டால், இணைப்புகளில் குற்றமில்லை. குற்றம் ஸ்கீக்கும் பனிக்கும் இடையில், அதாவது கார்பைடிலோ, ஸ்கீமேல் இறங்கும் பாரத்திலோ, ஸ்கீயின் கோணத்திலோ இருக்கிறது. தொங்கும்போதும் இறுக்கமாக இருந்தால் குற்றம் தண்டு முதல் ஸ்பிண்டில் வரையிலான வழியில் எங்கோ இருக்கிறது. என் ஹேண்டில்பார் வலப்பக்கம் திரும்புகையில் ஓரளவு நகர்ந்தது. இடப்பக்கம் திரும்புகையில் பாதி வழியில் மணல் அரைபடுவது போன்ற உணர்வோடு இறுகியது. இரண்டு விரல் போதவில்லை. இரண்டு கைகளும் தேவைப்பட்டன.

அடுத்து எது இறுகியிருக்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். இரு டை ராடுகளின் வெளிமுனைப் பால் ஜாயின்ட்டுகளை ஸ்பிண்டிலிலிருந்து கழற்றினோம். டை ராடின் நீளத்தை மாற்றும் மரைகளைத் தொடவேயில்லை. அதைத் தொட்டால் ஸ்கீகளின் நேர் கெட்டுவிடும். கழற்றிய பின் ஹேண்டில்பாரை மட்டும் திருப்பினால் கதவுக் கீல் போல ஓசையின்றிச் சுழன்றது. ஆகவே தண்டும், அது சுழலும்போது தாங்கிப் பிடிக்கும் நைலான் உறைகளான புஷ்களும் நலம். இந்தக் கட்டத்தில் தண்டு இறுக்கமாக இருந்தால், அதன் அடிப்பக்கப் புஷ்ஷைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார் பெரியவர். எஞ்சினுக்கு அடியில் ஈரமும் அழுக்கும் சேரும் இடம் அது, எட்டிப் பார்ப்பதும் கடினம். அடுத்து வல ஸ்கீயின் நுனியைப் பிடித்துத் திருப்பினேன், தானாகவே திரும்பியது. இட ஸ்கீயைத் திருப்பினேன். அது திரும்பவில்லை, வண்டியே சற்று ஆடியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் புதிய கார்பைடுக்குச் செலவழித்த தொகையை அவரிடம் சொல்லவில்லை.

என் வண்டியின் அமைப்பில் மேலும் கீழுமாக இரண்டு ஏ-ஆர்ம்கள் ஒரு குழாய்க்கூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கூட்டுக்குள் ஸ்பிண்டில் இரண்டு பிளாஸ்டிக் புஷ்களில் சுழல்கிறது. வேறு சில வண்டிகளில் இந்த வேலையைப் பால் ஜாயின்ட்டுகளே செய்யும். ஸ்கீயைக் கழற்றி, மேலேயுள்ள கையைக் கழற்றி, ஸ்பிண்டிலைக் கீழே இழுத்தால் வரவில்லை. துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஓரிரவு விட்டு, மறுநாள் ரப்பர்ச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் இறக்க முடிந்தது. எஃகுத் தண்டு முழுக்கச் செந்நிறத் துரு. கீழ்ப் புஷ் ஒருபக்கம் தேய்ந்து, மறுபக்கம் துருத்தூள் அப்பிக் கரடுமுரடாகியிருந்தது. கிரீஸ் போடும் நிப்பிள் இருந்தது, ஆனால் அதன் துளை காய்ந்த பழைய கிரீஸால் அடைபட்டிருந்தது. முந்தைய உரிமையாளர் ஒவ்வோர் ஆண்டும் கிரீஸ் கன்னை அழுத்தியிருக்கவும் கூடும். கிரீஸ் நிப்பிளின் வெளிவிளிம்பில் பிதுங்கியதைக் கண்டு நிறைவடைந்திருப்பார்.

ஏன் இடப்பக்கம் மட்டும் என்பதற்கு உறுதியான விடை என்னிடம் இல்லாவிட்டாலும், துரு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. இங்கே குளிர்காலத்தில் நெடுஞ்சாலைகளில் உப்புத் தூவுவார்கள். திறந்த டிரெய்லரில் வண்டியை ஏற்றி இழுத்துச் செல்லும்போது, காரின் பின்சக்கரங்கள் வாரியிறைக்கும் உப்புக் கரைசல் முழுவதும் ஸ்னோமொபைலின் முன்பகுதியில்தான் படியும். பனியில் ஓடியதால் கெட்டதைவிடச் சாலையில் சவாரி போனதால் கெட்டதே அதிகம் என்று பெரியவர் சொன்னது வேடிக்கையாகத் தோன்றினாலும் உண்மையே.

தண்டை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். குழிகள் ஆழமாக இல்லாததால் அதையே வைத்துக்கொள்ள முடிந்தது. நிப்பிளும் புஷ்களும் புதியவை. செயற்கை எண்ணெயில் செய்த, கடுங்குளிரைத் தாங்கும் கிரீஸையே பயன்படுத்தினேன், ஏனெனில் சாதாரண கிரீஸ் மைனஸ் 30 டிகிரியில் மெழுகு போல இறுகித் தானே ஒரு தடையாகிவிடும். கிரீஸ் போடும்போதும் ஸ்கீகள் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது நான் கற்ற சிறிய, ஆனால் விலைமதிப்புள்ள பாடம். வண்டி தரையில் நின்றால் பாரம் தாங்கும் பக்கத்தில் தண்டும் புஷ்ஷும் ஒட்டிக்கொண்டிருக்கும். கிரீஸ் எதிர்ப்பக்க இடைவெளி வழியாக வெளியேறிவிடும், வேண்டிய இடத்துக்குப் போகாது. திரும்பப் பூட்டும்போது நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் புதிதாகவே போட்டேன். ஸ்டியரிங்கில் ஒரு நட்டு கழன்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால், பழைய நட்டை மறுபடி பூட்ட மனம் வராது.

பூட்டிய பிறகு, ஸ்கீகள் தொங்கிய நிலையில் ஹேண்டில்பார் ஒரு விரலுக்குத் திரும்பியது. கதை இங்கே முடிந்துவிட்டது என்று நம்பி மறுநாள் பாதைக்குப் போனேன். முன்னைவிட நன்றாக இருந்தது. ஆனால் நன்றாக இல்லை. பத்துக் கிலோமீட்டருக்குள் தோள் மீண்டும் முனகத் தொடங்கியது. இரண்டாவது நோய் இப்போதுதான் தன் முகத்தைக் காட்டியது. முதல் நோய் இருந்தவரை இதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இம்முறை ஒழுங்காகத் தொடங்கினேன். இணைப்புகள் நலம் என்பது உறுதி. எனவே குற்றம் ஸ்கீமேல் இறங்கும் பாரத்தில் இருக்க வேண்டும். ஸ்னோமொபைலின் எடையும் ஓட்டுநரின் எடையும் ஸ்கீகளுக்கும் டிராக்குக்கும் இடையே பங்கிடப்படுகின்றன; அந்தப் பங்கீட்டை நான்கு இடங்களில் மாற்றலாம். ஸ்கீகளின் ஷாக்குகளில் உள்ள ஸ்பிரிங்கை முன்கூட்டி இறுக்கினால் ஸ்கீகள் பனியில் அதிகமாக அழுந்தும். டிராக்கின் உள்ளே முன்பக்கம் இருக்கும் ஷாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கினால் அது வண்டியின் மூக்கைத் தூக்கி, ஸ்கீகளின் பாரத்தைக் குறைக்கும். பின்பக்க முறுக்கு ஸ்பிரிங்குகளை இறுக்கினால் வண்டியின் வால் உயர்ந்து பாரம் முன்னே சாயும். நான்காவது லிமிட்டர் ஸ்ட்ராப். டிராக் ஓடும் சட்டத்தின் முன்பகுதி எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் பட்டை வடிவக் கயிறு அது. அதை நீளமாக விட்டால், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது டிராக்கின் முன்பகுதி கீழே அழுந்தி, மூக்கு எழும்பி, ஸ்கீகள் லேசாகும்; குட்டையாக்கினால் ஸ்கீகள் பனியிலேயே அழுந்திக் கிடக்கும்.

படுத்துக்கொண்டு பார்த்தேன். என் வண்டியின் லிமிட்டர் ஸ்ட்ராப் கடைசித் துளையில், அதாவது மிகக் குட்டையான நிலையில் பூட்டப்பட்டிருந்தது. ஸ்கீ ஷாக்குகளின் ஸ்பிரிங் வளையங்கள் ஏறக்குறைய முழுவதும் இறுக்கப்பட்டிருந்தன. உள்ளே இருந்த முன் ஷாக்கின் ஸ்பிரிங்கோ தளர்ந்து கிடந்தது. மூன்றும் ஒரே திசையில், ஸ்கீகளை அழுத்துவதற்காகவே வேண்டுமென்று செய்யப்பட்டவை. ஏன் ஒருவர் இப்படிச் செய்வார் என்று அன்று மாலை முழுவதும் யோசித்தேன். விடை மழுங்கிய கார்பைடில் இருந்தது. கார்பைடு தேயத் தேய வண்டி திரும்பாமல் வழுக்கியிருக்கும்; முந்தையவர் கம்பியை மாற்றுவதற்குப் பதிலாக ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை முன்னே தள்ளி அதைச் சமாளித்திருப்பார். மழுங்கிய கார்பைடோடு அந்தப் பாரம் ஒருவாறு பொருந்திப்போனது. நான் கூர்மையான, நீளமான கார்பைடைப் பொருத்தியதும் அவருடைய மருந்தும் என்னுடைய மருந்தும் சேர்ந்து நஞ்சாகிவிட்டன.

இதைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாலைகள் பிடித்தன. விரைவாகச் செய்யும் வேலை இதுவல்ல என்பதே என் கருத்து. வீட்டுக்கு அருகில் ஏரியின் ஒரு மூலையில் தொடங்கி மரங்களுக்குள் நுழைந்து திரும்பும் 6 கிலோமீட்டர் வளையத்தைத் தேர்ந்துகொண்டேன். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம், அதே வளையம், அதே வேகம். முதலில் லிமிட்டர் ஸ்ட்ராப்பை ஒரு துளை விட்டேன். வேறுபாடு உடனே தெரிந்தது, குறிப்பாக வளைவிலிருந்து ஆக்ஸிலேட்டரை அழுத்தி வெளியேறும்போது. இரண்டாவது துளையை விட்டதும் ஸ்கீகள் அளவுக்கு மீறி எழும்பி, வளைவின் நடுவில் வண்டி நேராகப் போகப் பார்த்தது. முதலில் விட்ட துளைக்கே திரும்பினேன். பிறகு ஸ்கீ ஸ்பிரிங்குகளை இரண்டு பக்கமும் ஒரே அளவில், ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்துக்கு மேலே தெரியும் மரையை அளவுகோலால் அளந்து தளர்த்தினேன். இடமும் வலமும் வேறுபட்டால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். கடைசியாக உள் ஷாக்கைச் சிறிது இறுக்கினேன். பின் ஸ்பிரிங்கை மட்டும் தொடவில்லை, ஏனெனில் நான் உட்காரும்போது வால் எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து பார்த்தபோது அது வண்டியின் கையேடு சொன்ன எல்லைக்குள் இருந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிவைத்தேன். எழுதாவிட்டால் மூன்றாவது நாள் எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துவிடும்.

ஸ்கீகளின் நேரையும் இதோடு பார்த்துவிட்டேன். ஹேண்டில்பாரை நடுவில் நிறுத்திக் கட்டி, ஸ்கீ நுனிகளைச் சுற்றி ஒரு ரப்பர்க் கயிற்றை மாட்டி இணைப்புகளின் தளர்வை எடுத்துவிட்டு, கார்பைடு கம்பிகளுக்கு இடையிலான தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு முன்பக்க அளவு சில மில்லிமீட்டர் கூடுதலாக, அதாவது ஸ்கீகள் சற்றே வெளிநோக்கி இருக்க வேண்டும். டிராக்கின் பக்கவாட்டில் ஒரு நேரான சட்டத்தைச் சார்த்தி, ஒவ்வொரு ஸ்கீயும் அந்தச் சட்டத்தோடு எப்படி நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஸ்கீயும் தமக்குள் ஒத்துப்போய், வண்டியோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். என்னுடையதில் பெரிய பிழையில்லை. பிழை இருந்து, டை ராடின் நீளத்தை மாற்றியும் ஹேண்டில்பார் நடுவுக்கு வராவிட்டால், மரக்கட்டையிலோ பாறையிலோ மோதி ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று கொள்ளலாம். டை ராடைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் உருட்டினால் வளைவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தி மறுபடி பூட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஸ்கீக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர்க் கட்டையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்கீயின் நுனி எவ்வளவு எளிதாக மேலும் கீழும் ஆடலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அது நசுங்கிப்போனால் கார்பைடின் முன்பகுதியே முழுப் பாரத்தையும் ஏற்று, ஸ்கீ திரும்பும் அச்சுக்கு முன்னே கடித்துக்கொண்டு நிற்கும். வண்டி கனக்கவும் செய்யும், தடங்களில் அலையவும் செய்யும். ரப்பரின் பின்புறத்தில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகிப் பாரத்தைப் பின்னே தள்ளுவது இங்கே பழைய வழக்கம். நான் புதிய ரப்பரையே வாங்கிவிட்டேன். அதற்கே தகட்டின் பலன் பாதி கிடைத்துவிட்டது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, மைனஸ் 28 டிகிரியில், ஹேண்டில்பார் இடப்பக்கம் பாதிக்கு மேல் திரும்பவில்லை. மனம் உடைந்துபோனது என்றே சொல்ல வேண்டும். ஆனால் முந்தைய நாள் ஏரியைக் கடக்கும்போது, மேற்பனிக்கு அடியில் தேங்கியிருந்த குழம்பு நீருக்குள் வண்டி ஓடியிருந்தது நினைவுக்கு வந்தது. அந்த நீர் டை ராடுகளைச் சுற்றியும் ஸ்பிண்டில் கைக்குப் பின்னாலும் இரவெல்லாம் உறைந்து, முஷ்டி அளவுப் பனிக்கட்டியாக நின்றது. ரப்பர்ச் சுத்தியலால் தட்டி உதிர்த்ததும் எல்லாம் பழையபடி. இதற்குப் பிறகு, எஞ்சினைக் கிளப்பும் முன் ஹேண்டில்பாரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பிப் பார்ப்பதை நான் ஒருநாளும் விட்டதில்லை. குழம்பு நீரில் ஓடி வந்த பிறகு நிறுத்தும் முன்பும் ஒருமுறை கையால் தட்டிவிடுவேன். இறுக்கமாக இருப்பது தொல்லை மட்டுமே. திரும்பும் எல்லை குறைந்திருப்பதோ ஆபத்து, அதுவும் வளைவில் எதிரே இன்னொரு வண்டி வரும்போது.

மின்விசையால் திருப்ப உதவும் ஸ்டியரிங்கைக் கொண்ட புதிய வண்டியை வாங்கிவிடு என்று சொன்ன நண்பர்களும் உண்டு. யமஹா தன் 2011 ஏபெக்ஸ் வண்டியில் அதைக் கொண்டுவந்தது. எடைமிகுந்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் முன்னால் உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் துருப்பிடித்த ஸ்பிண்டிலை மோட்டார் திருப்பிக்கொடுத்தால், அது துருப்பிடித்திருப்பது நமக்குத் தெரியாமலே போய்விடும் என்பதும் என் அச்சம். அகலமான ஹேண்டில்பார் பொருத்துவதும் கைக்குச் சற்று நெம்புவலுவைக் கூட்டும். அதை நான் முயலவில்லை. என் பிடியே இறுக்கமானது என்று பெரியவர் ஒருநாள் சுட்டிக்காட்டினார். பயத்தில் ரப்பர்ப் பிடிகளைப் பிழிந்துகொண்டு ஓட்டுபவனுக்கு எந்த வண்டியும் கனக்கத்தான் செய்யும். தோள்வலியில் எத்தனை பங்கு வண்டிக்கு, எத்தனை பங்கு எனக்கு என்பதைப் பிரித்துச் சொல்ல இன்றும் என்னால் முடியாது.

மார்ச் தொடக்கத்தில் அவரையே என் வண்டியை ஓட்டச் சொன்னேன். என் 6 கிலோமீட்டர் வளையத்தைச் சுற்றிவிட்டு வந்தவர், இறங்கி, இடப்பக்க ஸ்பிண்டிலைக் குனிந்து பார்த்தார். வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முந்தைய வாரம் நெடுஞ்சாலையில் இழுத்துச் சென்றபோது படிந்த உப்பு வெள்ளைப் பொடியாக அங்கே பூத்திருந்ததை விரலால் வழித்து என்னிடம் காட்டிவிட்டுப் போனார். அன்று மாலையே கராஜின் ஹீட்டரைப் போட்டு, இரண்டு வாளி வெதுவெதுப்பான நீரில் முன்பகுதியைக் கழுவி, விசிறியைத் திருப்பிவைத்து ஈரம் முற்றிலும் உலரும்வரை காத்திருந்து, ஸ்கீகளைத் தொங்கவிட்டுக் கிரீஸ் கன்னை அழுத்தினேன். முதலில் இரண்டு சொட்டு நீரும், அதன் பின்னால் கறுத்த கிரீஸும், பிறகு புதிய கிரீஸும் மேல் புஷ்ஷின் விளிம்பில் பிதுங்கின.